பர்மா மண்ணின் வயதும் அசைவும்: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச் 28 அன்று மாந்தளையையும் சகாயிங்கையும் சிதைத்த 7.7 அளவு நிலநடுக்கத்திற்குப் பிறகு, பர்மாவில் வாழும் நம் பிள்ளைகள் புவியியல் பாடத்தைப் புதிய அக்கறையோடு படிக்கிறார்கள். அவர்களுக்குச் சில சொற்களைத் தெளிவாக்கித் தருவது நம் கடமை.

புவித்தட்டு என்றால் பூமியின் மேலோடு மட்டும்தான் என்று எழுதுவது முதல் தவறு. மேலோடும், அதற்கு அடியிலுள்ள தடித்த பாறை அடுக்கான கவசத்தின் (mantle) மேற்புறத்து இறுகிய பகுதியும் சேர்ந்ததே தட்டு. அதற்கும் கீழே கவசம் முழுவதும் கொதிக்கும் குழம்பாக இருக்கிறது என்பதும் தவறு; அது பெரும்பாலும் திடப்பாறைதான், வெப்பத்தால் நெகிழ்ந்து மிக மெதுவாக நகர்கிறது.

தட்டுகள் சந்திக்கும் இடமெல்லாம் மோதல் என்று எண்ணுவது இதைவிடப் பரவலான பிழை. மேற்கே ராக்கைன் கரையை ஒட்டி இந்தியத் தட்டு பர்மாவின் அடியில் சரிந்து இறங்குகிறது என்பது உண்மையே. ஆனால் 2025இல் அசைந்த சகாயிங் பிளவு வேறு வகையைச் சேர்ந்தது: வடக்கிலிருந்து தெற்காக நாட்டின் நடுவே ஓடும் அதன் இரு பக்கங்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் ஒன்றையொன்று உரசிக் கடக்க முயல்கின்றன, பாறைகள் பூட்டிக்கொண்டு நிற்பதால் சேரும் இறுக்கம் ஒருநாள் ஒரேயடியாக விடுபடுகிறது. கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் எதிர்நிலம் வலப்புறமாக, அதாவது வடக்கு நோக்கி, விலகுகிறது. தாசி அருகே ஒரு சூரிய மின்நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா இதை நேரடியாகவே பதிவு செய்துவிட்டது. அங்கே நிலம் 2.5 மீட்டர் தூரத்தை 1.3 விநாடியில் கடந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பூமி வாய் பிளக்கவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது. அந்தக் காட்சியைப் பார்த்த மாணவருக்கு இந்த வேறுபாடு மறக்கவே மறக்காது.

பாறைகளின் வயதைப் பொறுத்தவரை, எதற்கெடுத்தாலும் கார்பன்-14 என்று, அதாவது உயிர்ப்பொருளில் இருக்கும் கதிரியக்கக் கார்பனின் சிதைவை வைத்து வயது காணும் முறையை, விடையாக எழுதுகிறார்கள். அதன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். எனவே ஏறக்குறைய 50,000 ஆண்டுகளைத் தாண்டிய பொருளுக்கு அது உதவாது. காச்சின் மாநிலத்தின் ஹுக்காங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அம்பர் (மரப்பிசின் இறுகிக் கல்லானது) அதைவிட மிகப் பழையது; அதற்குள் எறும்பு இருந்தாலும் இறகு இருந்தாலும் நிலைமை அதுதான்.

அந்த அம்பர் நெடுங்காலம் இயோசீன் காலத்தது (டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த காலம்) என்றே கருதப்பட்டு வந்தது. பிறகு அந்தப் படிவுகளில் கிடைத்த ஓர் அம்மோனைட் (அழிந்துபோன ஓடுள்ள கடல் உயிரி), அம்பர் அதைவிடப் பழைய, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தது என்று காட்டியது. பரந்த கடல்களில் ஏராளமாக வாழ்ந்து, குறுகிய காலத்திலேயே மறைந்த இனங்களே இப்படி வழிகாட்டிப் புதைபடிவங்களாகப் பயன்படும். பழமையானதென்று எந்தப் படிவத்தையும் அவ்வாறு அழைக்கக் கூடாது. மேலும், புதைபடிவம் தருவது முன்பின் வரிசையையே. எண்ணிக்கையில் வயது வேண்டுமானால் கதிரியக்க அளவீடு வேண்டும். 2012இல் அம்பரைச் சூழ்ந்த படிவிலிருந்த சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களை, யுரேனியம் ஈயமாகச் சிதையும் வேகத்தைக் கொண்டு கணிக்கும் யுரேனியம்-ஈயம் முறையில் அளந்து 9.88 கோடி ஆண்டுகள் என்று கண்டார்கள்.

இந்த எண்ணை அம்பரின் பிறந்த நாளாக எழுதிவிடக் கூடாது. சிர்க்கான் எரிமலைப் பொருளில் உருவான பின்னரே வண்டலில் வந்து சேர்ந்தது. ஆகவே அந்த வண்டல் 9.88 கோடி ஆண்டுகளைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பதுதான் அளவீடு உறுதியாகச் சொல்வது. மரத்திலிருந்து வடிந்த பிசினோ, அந்த வண்டலில் புதைவதற்குச் சற்று முன்பே இறுகியிருக்கலாம்.