மகளைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காட்டு மண்பாதையில்: முதல் ட்ரெயில் வண்டி வாங்கும் முறை

மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்துப் பாதையில் நானும் என் ஆறு வயது மகளும் வண்டியோடு விழுந்தோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. இடது காலை ஊன்றினேன். அங்கே மழைநீர் அரித்த ஒரு பள்ளம். கால் தரையைத் தொடுவதற்குள் வண்டியின் கனம் கையை மீறிவிட்டது. அடி ஒன்றும் இல்லை, முழங்கையெல்லாம் செம்மண். "அம்மா, வண்டிக்குத் தூக்கம் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அது இரவல் வண்டி. வளைந்த கிளட்ச் பிடிக்கு நான்தான் பணம் கொடுத்தேன்.

பிறகு மூன்று மாதம் அலைந்து சொந்தமாக ஒரு ட்ரெயில் வண்டி, அதாவது மண்பாதையிலும் ஓட்டுவதற்கென்று செய்த பைக், வாங்கினேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன் என்பதையெல்லாம் ஓரமாக வையுங்கள். பிள்ளையோடு போகிறவர் பார்க்க வேண்டியவை சீட் உயரமும் எடையும்தான்.

படி 1: முதலில் பிள்ளையை அளந்துபாருங்கள்

பின்சீட்டில் உட்காரவைத்தால் இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்ட்டில் முழுதாகப் பதிய வேண்டும். கால் தொங்கினால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் வண்டியில் கூட வருபவர் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. மண்பாதையில் ஹேண்டில் துள்ளும்போது குழந்தையின் முகம் அதற்கு நேர் எதிரே இருக்கும் என்பதை நினைத்துப்பார்த்தால் சட்டமே வேண்டாம்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது தார்ச்சாலைக்குச் சரி. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை மண்பாதைக்குக் கூட்டிப்போகவே கூடாது என்பது என் கட்சி.

படி 2: கடையில் உட்கார்ந்து பார்க்கும் விதம்

நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடையின் டைல்ஸ் தரை சமமாக இருக்கும். இரண்டு காலின் முன்பாதமும் தொட்டால் "உங்களுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது மேடம்" என்பார்கள். நம்பாதீர்கள். மேட்டில் வண்டியை நிறுத்தும்போது வலது கால் பின்பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும், தரைக்கு வருவது இடது கால் மட்டும்தான். அந்தத் தரையும் சாய்ந்திருக்கும். ஆகவே வலது காலைப் பிரேக்கில் வைத்து, இடது காலை மட்டும் ஊன்றிப் பாருங்கள். அந்த ஒரு பாதம் குதிகால் வரை பதிய வேண்டும். முன்பாதம் மட்டும் தொட்டால், சாய்ந்த இடத்தில் விரல் நுனிதான் தொடும்.

அடுத்து, பின்சீட்டில் சுமை வையுங்கள். நான் சேலம் லீ பஜாரில் பத்து கிலோ அரிசிப் பை இரண்டு வாங்கி, கயிற்றால் பின்சீட்டில் கட்டித்தான் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். பழைய வண்டி விற்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அரிசி வீட்டுக்கு ஆயிற்று. வண்டியை மெதுவாக இடப்பக்கம் சாய்த்து, எந்தக் கோணத்தில் கனம் கையைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். சுமை இல்லாமல் ஒருமுறை, சுமையோடு ஒருமுறை. இந்த வேறுபாடு எந்த விளம்பரத்திலும் இருக்காது. அரிசிப் பை ஆடாது, பிள்ளை ஆடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பின்னால் ஆள் இருக்கும்போது வழக்கம்போல் காலைச் சுழற்றி இறங்க முடியாது. உங்கள் பூட்ஸ் பிள்ளையின் தாடையில் படும். நீங்கள் முதலில் ஏறி, சைடு ஸ்டாண்டை எடுத்து, கால் ஊன்றி நிற்க வேண்டும். பிறகு பிள்ளை இடப்பக்கம் வந்து, உங்கள் தோளைப் பிடித்து, ஃபுட்ரெஸ்ட்டில் மிதித்து ஏற வேண்டும். இறங்கும்போது பிள்ளை முதலில். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடப்பக்கம்தான், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. பிள்ளை ஏறி இறங்கும் அந்த அரை நிமிடம் வண்டியைத் தாங்க முடியாவிட்டால், அந்த வண்டி உங்களுக்கு ஆகாது.

படி 3: எதை வாங்குவது

நான் கடைசிவரை ஒப்பிட்டவை இரண்டு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411இன் சீட் உயரம் 800 மி.மீ., எடை 199 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இன் சீட் உயரம் சுமார் 825 மி.மீ., எடை 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒன்று தாழ்வு, ஆனால் கனம். மற்றது உயரம், ஆனால் லேசு. உயரத்தைக் குறைக்க வழி உண்டு, நாற்பது கிலோவைக் குறைக்க வழியில்லை. நான் பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்றை வாங்கினேன். அதிலேயே 'புரோ' என்று வருவதன் சீட் 891 மி.மீ., அந்தப் பக்கம் போகவேண்டாம்.

தோட்டத்து மேஸ்திரிகள் இதே பாதையில் ஸ்ப்ளெண்டரிலும் எக்ஸ்.எல்.லிலும் மிளகு மூட்டையோடு போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 112 கிலோ ஸ்ப்ளெண்டர் இருந்தால் முதல் ஆறு மாதம் அதிலேயே பழகுவது கெட்டிக்காரத்தனம். எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

படி 4: சீட்டைக் குறைப்பது

சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்து, ஓட்டுபவர் உட்காரும் பகுதியில் மட்டும் ஸ்பாஞ்சை ஓர் அங்குலம் சீவச் சொன்னேன். பின்பகுதியைத் தொடவிடவில்லை. நடுவில் உண்டான சிறு படி, இறக்கத்தில் மகள் முன்னால் சறுக்காமல் தடுக்கிறது. இது நான் எதிர்பார்க்காத லாபம். பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க் என்ற இரும்புத் துண்டை மாற்றி வண்டியையே தாழ்த்தித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அடிப்பாகம் கல்லில் இடிக்கும். தாழ்ந்த வண்டிக்கு சைடு ஸ்டாண்டு நீளமாகிப் போய், நிறுத்திய வண்டி மறுபக்கம் சாயும்.

படி 5: ஹெல்மெட்

குழந்தைக்கென்று செய்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வேண்டும். புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்து வாங்குங்கள். "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிதாக எடுக்காதீர்கள். பட்டையைப் போட்டபின் தலையை ஆட்டச் சொல்லுங்கள். தலையோடு சேர்ந்து ஹெல்மெட்டும் திரும்ப வேண்டும். கணுக்கால் மூடிய ஷூ, முழுக்கால் சட்டை போதும்.

படி 6: முதல் பயணம்

சேலத்திலிருந்து போகும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தனியாக இரண்டு முறை ஏறி இறங்கிய பிறகே பிள்ளையை ஏற்றுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தோட்டத்துப் பாதைகள் தனியார் நிலம், வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள். சில்வர் ஓக் சருகு கிடக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், அடியில் கல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு வாசகர், திரும்பி வரும்போது தன் மகன் பின்னால் தூங்கிவிட்டதாக எழுதியிருந்தார். நான் விட்டுவிட்ட பெரிய விஷயம் இது. மதியச் சாப்பாடு, மலைக்காற்று, எஞ்சின் சத்தம் மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் தூங்கும். இப்போதெல்லாம் சாப்பிட்டதும் கிளம்புவதில்லை. மகளின் பிடி இடுப்பில் தளர்ந்தால் பேச்சுக் கொடுப்பேன். அவள் ஹெல்மெட் என் முதுகில் 'டொக்' என்று ஒருமுறை இடித்தாலே போதும், அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்திப் பத்து நிமிடம் நடக்கவிடுவேன். அங்கே குரங்குகள் காத்திருக்கும், பிஸ்கட் பொட்டலத்தை வெளியே எடுக்காதீர்கள்.