பழைய மடிக்கணினி: பாகம் மாற்றுவதா, வேறு வாங்குவதா?

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னர், வீட்டிலேயே பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வழக்கமாகப் பாவிக்கும் மென்பொருள்களைத் திறந்து வைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மனேஜரில் சிபியு (புரொசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் (சேமிப்புத் தட்டு) ஆகிய மூன்றில் எது தொடர்ந்து 100 வீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும், எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பதை அந்தத் திரையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

என் தங்கை உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் பாவித்த கணினி, திறந்து தயாராவதற்கே நான்கைந்து நிமிடம் எடுத்தது. கடையில் காட்டியபோது, இனி இதில் பயனில்லை, வேறு வாங்குங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க் மாத்திரம் 100 வீதத்தில் நின்றது. சிபியு பத்து வீதத்தைக்கூடத் தாண்டவில்லை. உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு. அதில் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி எடுப்பதற்கு முனை தகட்டின் மேல் நகர்ந்து, உரிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. வன்தட்டுக்குப் பதிலாகப் போடும், சிப்களில் சேமிக்கும் தட்டான எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பு இல்லாமற் போகிறது. வன்தட்டோடு ஓடும் கணினி எதுவானாலும், முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. கணினி பிறகு கைவிட்டாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி, உறையொன்றில் போட்டு வெளித்தட்டாகப் பாவிக்கலாம் என்பதால், அதற்குக் கொடுத்த பணம் வீணாவதில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எம்.2 எனப்படும், சிறு பட்டை வடிவிலான எஸ்எஸ்டிகளில், கணினியோடு இணையும் முறையைப் பொறுத்து சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், பழைய கணினிகள் சிலவற்றின் எம்.2 துவாரம் சாட்டாவை மட்டுமே ஏற்கும், 2.5 அங்குலத் தட்டுக்கான இடம் மட்டும் உள்ளவையும் உண்டு.

மெமரி நிரம்பி வழிகிறதென்றால், திறந்திருக்கும் மென்பொருள்கள் பாவிக்கும் நினைவகமான ரேமைக் கூட்டலாம். ஆனால் மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம், கணினியின் பிரதான மின்சுற்றுப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கூட்டுவதற்கு வழியில்லை. ரேம் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், முன்பு போல் யோசிக்காமல் வாங்கிவிடாமல், இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் மாற்ற முடியாத பாகம் புரொசசர்; முடிவு தங்கியிருப்பதும் அதில்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. தலைமுறையை அறிவது இலகு: ஐ5-7200யு ஏழாந் தலைமுறை, ஐ5-8250யு எட்டாந் தலைமுறை. ஒரு தலைமுறைதான் வித்தியாசம் என்றாலும், வேலையைப் பகிர்ந்து செய்யும் கோர்கள் முன்னையதில் இரண்டு, பின்னையதில் நான்கு. ஆகவே எட்டாந் தலைமுறைக் கணினிக்கு எஸ்எஸ்டியும் ரேமும் போடுவது நல்ல செலவு. ஏழாந் தலைமுறைக்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் ரேமுக்குப் பெரிய தொகை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படியான கணினியை எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் மட்டும் பாவிப்பவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். எட்டாந் தலைமுறையாக இருந்தும் விண்டோஸ் 11 பொருந்தாது என்று காட்டினால், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் டிபிஎம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணினியின் உடலையும் நிதானமாகப் பரிசோதியுங்கள். மேசையில் வைத்து மூடியை அழுத்தினால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறதா, டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் இருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே பற்றரி ஊதியிருக்கக்கூடும்; உடனே சார்ஜ் செய்வதை நிறுத்தி, குத்தாமல், வளைக்காமல் கழற்றுவிக்க வேண்டும். பற்றரி மாற்றுவது சாதாரண வேலை. அதற்காகக் கணினியைக் கைவிட வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் குடியிருப்பவர்கள், யுஎஸ்பி துவாரங்களின் உலோக விளிம்பை டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றினால் வெளியே பச்சையோ துருவோ படிந்திருந்தால், மதர்போர்டும் அரிக்கப்பட்டிருக்க இடமுண்டு. மதர்போர்டு பழுதும், மூடியின் கீலோடு சேர்ந்து உடைந்த உடலும் இருக்கும் கணினிக்குப் புதிய பாகம் வாங்குவதில் பொருளில்லை.

கணக்குப் போடும்போது, புதுக் கணினியின் விலையோடு ஒப்பிடாமல், அதே வேலையைச் செய்யக்கூடிய நல்ல பாவித்த கணினியின் விலையோடு ஒப்பிடுங்கள். பாகங்களுக்கும் கூலிக்கும் ஆகும் தொகை அதில் பாதியைத் தாண்டினால், நான் வேறு கணினியே வாங்குவேன். பாவித்ததை வாங்குவதானால் கடையிலேயே திறந்து, புரொசசரின் முழுப்பெயரைப் பார்த்து, விண்டோஸ் தரும் பற்றரி அறிக்கையில் ஆரம்பக் கொள்ளளவையும் தற்போதைய கொள்ளளவையும் ஒப்பிட்டு, உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எந்த முடிவானாலும், முதலில் கோப்புகளை வேறொரு தட்டில் பிரதியெடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பழைய கணினியை விற்கவோ கழிக்கவோ போகிறீர்கள் என்றால், தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.