வன்னியில் ‘ஆல் மை சன்ஸ்’ போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருடமும் ஒரு இளைஞர் குழு ஆதர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ பிரதியோடு வந்தது. வன்னியில் நாடகம் பழகுகிறவர்களின் கை இதற்குப் போவதில் வியப்பில்லை. மூன்று வருடத்துக்கு மேலாகக் காணாமல் போன மகன், அவன் வருவான் என்று காத்திருக்கும் தாய், ஒரே ஒரு வீட்டு வளவு, ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் கதை. 1947இல் நியூயோர்க்கில் மேடையேறிய நாடகம், எங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் விழுந்த குழிகளிலேயே புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். வசனம் பாடமில்லை, ஒத்திகைக்கு ஆள் வரவில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன்.

கதையை எங்கள் ஊருக்கு மாற்றுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். “எங்கட சனத்துக்கு வெள்ளைக்காரப் பெயர் விளங்காது அண்ணை” என்று தொடங்குவார்கள். ஜோ கெல்லர் கந்தையா ஆகிவிடுவார். அமெரிக்க நகரத்து வளவு பரந்தன் ஆகிவிடும். இரண்டாம் உலகப் போர் எங்கள் போர் ஆகிவிடும்.

முதலில் கதையே அறுந்துபோகிறது. கெல்லர் விமான இயந்திர உதிரிப்பாகம் செய்கிறவர். வெடிப்பு விட்ட பாகங்களைத் தெரிந்துகொண்டே தன் நாட்டு விமானப்படைக்கு அனுப்புகிறார். 21 விமானிகள் சாகிறார்கள். பழியைத் தொழில் பங்காளியின் தலையில் போட்டுவிட்டு அவர் சிறையிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். விமானியான மகன் லறி அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறான், காதலி ஆனுக்குக் கடிதம் எழுதுகிறான், பறந்துபோகிறான், திரும்பவில்லை. செத்த விமானிகளும் தனக்குப் பிள்ளைகள்தான் என்று தகப்பன் உணரும் இடத்துக்கு இந்தக் கண்ணிகள்தான் கொண்டுபோகின்றன. கந்தையாவை அரிசி பதுக்கிய கடைக்காரராக மாற்றிப் பாருங்கள். மகன் ஏன் போனான் என்பதற்கும் தகப்பன் செய்ததற்கும் தொடர்பே இருக்காது. மிஞ்சுவது காணாமல் போன பிள்ளையும் அழுகிற தாயும் மட்டும்.

அதைவிடப் பெரிய கேடு பார்வையாளர் பக்கம் நடக்கிறது. இப்படி மாற்றிய நாடகம் ஒன்றைப் பொதுநோக்கு மண்டபம் ஒன்றில் பார்த்தேன். மூன்றாம் அங்கத்தில் ஆனாக நடித்த பிள்ளை கடிதத்தை நீட்டியது. லறி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்பது அதில்தான் தெரியவரும். முன்வரிசையில் ஒரு அம்மா எழும்பினார். மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருப்பவர். “என்ர பிள்ளை செத்துப்போச்செண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். கடிதம் வைத்திருந்த பிள்ளைக்கு அடுத்த வசனம் வரவில்லை. அந்த அம்மாவோடு சேர்ந்து இன்னும் சிலர் வெளியே போனார்கள்.

முடிந்த பிறகு நெறியாளர் என்னிடம் வந்து, “பாத்தீங்களா அண்ணை, சனத்தை எப்பிடித் தாக்கியிருக்கு” என்றார். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டது பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத ஒருவருக்கு மேடையில் நின்று மரணச் சான்றிதழ் நீட்ட எங்களுக்கு யார் உரிமை தந்தது? அந்த ஊரில் அப்புறம் எந்தக் குழுவுக்கும் மண்டபம் கிடைக்கவில்லை. பெண்கள் நாடகம் பார்க்க வருவதும் நின்றுபோனது.

கதையை அமெரிக்காவிலேயே விட்டால் கடிதம் கெல்லர் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். முன்வரிசை அம்மா அந்தத் தாய்க்காக அழலாம், தன் மகனுக்காகக் காத்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருக்கும்.

பெயர் விளங்காது என்பதும் வீண் பேச்சு. முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்த சனம் மதுரையைப் பார்த்திருக்கவில்லை. கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் எஸ்தாக்கியார் கூத்தில் உரோமைத் தளபதி வந்து பாடுகிறான். யாருக்கும் விளங்காமல் போனதில்லை.

தாயைப் பித்துப் பிடித்தவளாக நடிப்பது

தலையை விரித்துப்போட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்க வைக்கிறார்கள். பிரதியில் கேற் கெல்லர் முதன்முதலாக வந்து கேட்பது என்ன? குசினியில் வைத்த பையைக் குப்பை என்று எடுத்தாயா, அதில் உருளைக்கிழங்கு இருந்தது என்று புருஷனிடம் கேட்கிறாள். வீட்டைக் கட்டியாளும் மனுஷி. அவள் காத்திருப்பது அந்தக் கைவேலைகளுக்கு நடுவில்தான். நடிக்கிற பிள்ளையின் கையில் ஒரு சுளகையாவது கொடுத்து ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். மேடையேற்றத்தில் சுளகு இருக்காது, ஆனால் அந்தக் கையின் பழக்கம் நிற்கும். முதல் அங்கத்திலேயே கண்ணீர் வடித்தால் மூன்றாவதில் கொடுக்க ஒன்றும் இருக்காது.

சாத்திரக் காட்சியை வெட்டுவது

நாடகம் நீளம் என்றவுடன் முதலில் கத்தி விழுவது பக்கத்து வீட்டு பிராங்க் மேல். லறி காணாமல் போன நாள் நவம்பர் 25. அது அவனுக்கு நல்ல நாளா என்று தாய் பிராங்கைக் கொண்டு சாதகம் பார்க்கிறாள். நல்ல நாள் என்றால் அன்று அவன் செத்திருக்க முடியாது என்பது கணக்கு. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை வீடுகளில் இருந்து சாத்திரம் கேட்கப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சபை மூச்சுவிடாமல் பார்க்கும் இடம் அது. வெட்டத்தான் வேண்டும் என்றால் அயலவரின் மற்றப் பேச்சுகளில் வெட்டுங்கள்.

முறிந்த மரம்

லறியின் நினைவாக நட்ட மரம் முதல்நாள் இரவுக் காற்றில் முறிந்து வளவில் கிடக்கும். அதற்கு முருங்கைக் கொப்பு வேண்டாம். பின்னேரத்துக்குள் இலை சுருண்டுவிடும்.

வெடிச் சத்தம்

கடைசியில் கெல்லர் வீட்டுக்குள் போய்ச் சுட்டுக்கொள்கிறார். திரைக்குப் பின்னால் சீனவெடி கொளுத்துகிறார்கள். இந்தச் சபைக்கு அதைச் செய்யாதீர்கள். கனமான பலகை ஒன்றைத் தரையில் அடித்தால் போதும். மிச்சத்தை மற்ற மகன் கிறிஸ் ஓடுகிற ஓட்டம் சொல்லிவிடும்.

ஒலிவாங்கி

முன்னால் மூன்றை நிறுத்தினால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நிற்பார்கள். குரலைப் பழக்குங்கள்.

அனுமதி

மில்லர் 2005இல்தான் காலமானார். பதிப்புரிமை இன்னும் உண்டு. ஒத்திகை தொடங்கும் முன்னரே எழுதிக் கேளுங்கள்.

அறிவித்தல்

ஒட்டுகிற துண்டுப்பிரசுரத்தில் ‘காணாமல் போன ஒரு மகனின் கதை, அவன் இறந்தது கடைசியில் தெரியவரும்’ என்று தெளிவாகப் போடுங்கள். கதை முன்னமே தெரிந்துவிடும் என்று பெடியள் சண்டை பிடிப்பார்கள். தெரியட்டும். வருவதா வேண்டாமா என்று அந்த அம்மாமார் வீட்டிலேயே முடிவெடுக்கட்டும்.