முன்னாள் மாணவர் இன்டர்வியூ: அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

"எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் உங்களோடு பேசுவார்" என்று மின்னஞ்சல் வந்ததும் சீட் பாதி உறுதி என்று நம்பிவிடுகிறார்கள். வராவிட்டால் கதை முடிந்தது என்று உடைந்துபோகிறார்கள். இரண்டுமே தவறு. பல கல்லூரிகளில் அழைப்பு வருவதும் வராததும் உங்கள் பகுதிக்குத் தன்னார்வலர் கிடைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆள் கிடைக்காமல் போனால் விண்ணப்பத்துக்குப் பாதகமில்லை என்று எம்.ஐ.டி. வெளிப்படையாகவே சொல்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் 2023இல் இந்த முறையையே கைவிட்டது. பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற புள்ளிவிவர ஆவணத்தில் சி7 அட்டவணையைப் பாருங்கள். இன்டர்வியூவுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்று அதில் இருக்கும்.

பேசுபவர் முடிவெடுப்பவர் அல்ல. அறிக்கை எழுதி அனுப்புவதோடு அவர் வேலை முடிகிறது. சேர்க்கையில் ஆசிய அமெரிக்கர்களிடம் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடரப்பட்ட வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. நேரில் பேசிய முன்னாள் மாணவர்கள், ஆசிய அமெரிக்கர்களின் ஆளுமைக்கு வெள்ளை மாணவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையான மதிப்பீடு தந்திருந்தார்கள். பெரும்பாலும் விண்ணப்பக் கோப்பை மட்டுமே பார்த்த சேர்க்கை அதிகாரிகள் தந்ததோ அதைவிடக் குறைவு. நல்ல இன்டர்வியூ மட்டும் கரைசேர்க்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதனால்தான் மார்க்கையும் பரிசுகளையும் ஒப்பிப்பது வீண். அவை ஏற்கெனவே கோப்பில் இருக்கின்றன. கோப்பில் இல்லாத இரண்டு விஷயங்களைத் தயார் செய்யுங்கள்: செய்து பார்த்துத் தோற்ற ஒன்று, யாரும் சொல்லாமலே தேடிப் படித்த ஒன்று. பதிலை மனப்பாடம் செய்தால் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவீர்கள். "ஏன் எங்கள் கல்லூரி?" என்றால் ரேங்கைச் சொல்லாதீர்கள், ஒரு பாடத்தையோ ஆய்வகத்தையோ பெயர் சொல்லிக் காரணம் கூறுங்கள். "எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. முதல் செமஸ்டரில் அவருக்கு எது கடினமாக இருந்தது என்று கேளுங்கள்.

ஜூமில் பேசும்போது அப்பா, அம்மா அந்த அறையில் இருக்க வேண்டாம். கேமராவுக்கு வெளியே நின்று எடுத்துக்கொடுப்பது நிச்சயம் தெரிந்துவிடும்.

அழைப்பு ஸ்பேமுக்குள் போய்விடுவதுண்டு. விண்ணப்பித்த நாளிலிருந்து தினமும் அங்கேயும் பாருங்கள், ஒரு நாளுக்குள் பதில் போடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். நியூயார்க்கில் காலை 8 மணி என்பது அதற்கு முன் நமக்கு மாலை 5.30, பிறகு 6.30. நேரத்தை உறுதிசெய்யும் மின்னஞ்சலில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.