டான்சில்: ‘சதை வளர்ச்சி’ என்ற சொல்லில் தொடங்கும் தவறுகள்

வாயை அகலத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இருபுறமும் தொண்டைச் சுவரில் பதிந்திருப்பவையே டான்சில்கள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதும், டான்சிலைப் புதிதாக முளைத்த ‘சதை வளர்ச்சி’ என்று அழைப்பதும் வெறும் சொற்பிழைகள் அல்ல. வேண்டாத சதைதானே, வெட்டி எடுத்துவிடலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

டான்சில் பிறவியிலேயே அமைந்த நிணநீர்த் திசு. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு, அடிநாக்கிலுள்ள திசு ஆகியவற்றோடு சேர்ந்து, மூச்சும் உணவும் நுழையும் வழியைச் சுற்றி அது வளையம்போல் காவல் நிற்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான குழிகளில் சிக்கும் கிருமிகளை உள்ளிருக்கும் வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு, அவற்றுக்கு எதிரான புரதங்களை உருவாக்குகின்றன. இப்பணி மும்முரமாக நடக்கும் குழந்தைப் பருவத்தில் டான்சில் பெரிதாக இருப்பது இயல்பு. பருவ வயதுக்குப் பின் அது தானாகவே சுருங்கும். ஆகவே, வலியோ மூச்சுத் தடையோ இல்லாத குழந்தைக்கு அளவை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் நிகழும் தவறுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. தொண்டை அழற்சிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வெண்படலம் தெரிந்தாலே பாக்டீரியா என்று முடிவுகட்டவும் முடியாது. அதே வேளையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று சோதனையில் உறுதியாகி, மருத்துவர் 10 நாள்களுக்குப் பென்சிலின் வகை மருந்து எழுதித்தந்திருந்தால், மூன்றாம் நாளில் வலி குறைந்தது என்று அதை நிறுத்தக் கூடாது. முறையாகக் குணப்படுத்தப்படாத இத்தொற்றைத் தொடர்ந்து வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளையே சிதைக்க வல்லது.

அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுவது போலவே, எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று அஞ்சி அதை மறுப்பதும் தவறே. எஞ்சிய நிணநீர்த் திசுக்கள் அப்பணியைத் தொடரும். ஓராண்டில் ஏழு முறையோ, தொடர்ந்து ஈராண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூவாண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறையோ கடுமையான அழற்சி வந்திருந்தால் மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் பரிசீலிப்பார்கள். உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு இந்தக் கணக்கு பார்க்கத் தேவையில்லை. அறுவைக்குப் பின் அவ்விடத்தில் தோன்றும் வெண்படலம் சீழ் அன்று. ஆனால் சில நாள்கள் கழித்தும் இரத்தம் கசியலாம் என்பதால், சிறிதளவு வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, வாயைத் திறக்க இயலாமை, எச்சில் வடிதல் ஆகியவை டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருப்பதைக் காட்டக்கூடும்; அப்போது வீட்டு வைத்தியத்தில் ஒரு மணி நேரம்கூடக் கழிக்கலாகாது. பெரியவர்களுக்கு வலியே இல்லாமல் ஒரு டான்சில் மட்டும் பெருத்திருந்தாலும், புற்றுநோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.