மூட்டையில் 28 சதவீதம், மீன் குடலில் எவ்வளவு?

குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் விட்டவர்கள் தீவனக் கடையில் முதலில் கேட்பது, "புரதம் எத்தனை சதவீதம்?" கேட்க வேண்டியதுதான். அதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண், தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிக் கிடைப்பது. நைட்ரஜன் கோழி இறகிலும் உண்டு, யூரியாவிலும் உண்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கழிவிலும் உண்டு. கணக்கில் எல்லாமே புரதம், குடலுக்கு அப்படியல்ல. தோலைக் குரோமியம் ஏற்றிப் பதனிடுவதே, நொதிகளுக்கு இடங்கொடாமல், அழுகாமல் அது நிற்க வேண்டும் என்றுதான். அதை அரைத்துப் போட்டு மீன் செரிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். பெயர் தெரியாத மலிவுப் 'புரதத் தூள்' எதுவானாலும் வாங்காதீர்கள்.

எல்லா மீனுக்கும் ஒரே வயிறு என்று நினைப்பது அடுத்த தவறு. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. ஒரு ரோகுவை அறுத்துப் பாருங்கள்: உடலைப் போலப் பல மடங்கு நீளமான குடல், மெல்லிய நூல்கண்டாகச் சுருண்டு கிடக்கும். அங்கே அமிலமும் இல்லை, இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் இல்லை. டிரிப்சின் போன்ற நொதிகள்தான் புரதத்தை உடைக்கின்றன. சேர்த்துவைக்க இரைப்பை இல்லாததால், ஒரு நாள் தீவனத்தைக் காலையிலேயே கொட்டுவதில் பயனில்லை. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, துளையிட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டால் மீன் தேவைக்கேற்ப வந்து கொத்தும். எவ்வளவு மிஞ்சியது என்பதும் தெரியும்.

விரால் வேறு சாதி. இரைப்பை உண்டு, குடல் குட்டை, ஊனுண்ணி. 40 சதவீதத்துக்கு மேல் புரதமும் அதில் கணிசமாக மீன்தூளும் வேண்டும். தவிடும் புண்ணாக்கும் போட்டுவிட்டு விரால் வளரவில்லை என்று குஞ்சு விற்றவரைத் திட்டுவது நியாயமில்லை.

சோயாவைப் பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். டிரிப்சினை முடக்கும் பொருள் அதில் இருக்கிறது. டிரிப்சினையே நம்பி வாழும் கெண்டைக்கு அதைவிடக் கேடு வேண்டாம். வறுத்தால் அது அழியும். கருக வறுத்தால், புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசினும் வீணாகும்.

இந்த லைசின்தான் நம் ஊர்த் தீவனத்தின் ஓட்டை. ஆரணி ஆலைத் தவிடும் செக்கில் வரும் கடலைப் புண்ணாக்கும் பாதிக்குப் பாதி கலந்தால் புரதம் ஏறத்தாழ 28 சதவீதம் வரும். கெண்டைக்குப் போதுமான எண். ஆனால் கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கு சேர்த்தாலும் அந்தக் குறை தீராது, அதிலும் லைசின் சொற்பமே. பதமாக வறுத்த சோயாவோ கொஞ்சம் கருவாட்டுத் தூளோ சேர்த்தால்தான் தீரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், தொடவே கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு உரம், மீனுக்கு நஞ்சு.

நீரில் மிதந்து வளரும் அசோலாப் பெரணியை மட்டும் தீவனமாக நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 20, 25 சதவீதப் புரதம் என்பது காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

புரதம் கூடக்கூட வளர்ச்சி கூடும் என்பதும் சரியல்ல. உடல் கட்டப் பயன்பட்டது போக மிஞ்சும் புரதத்தை மீன் எரித்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. மிச்சத் தீவனம் அடியில் அழுகுவதும் அதோடு சேரும். பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் காரத்தன்மை ஏறும்போது அம்மோனியாவின் நஞ்சும் ஏறுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து நின்றால் அது பசியல்ல, ஆக்சிஜன் பற்றாக்குறை. அன்றைக்குத் தீவனத்தை நிறுத்திவிட்டு, கிணற்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்டவிடுங்கள்.