கண்மாயில் வாத்து தங்க வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கண்மாய் (ஏரி) வேலை என்றாலே நம் மதுரைப் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது ஜேசிபி. எவ்வளவு ஆழமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற இந்த நினைப்புதான் வாத்துகளுக்குப் பெரிய கேடு. கண்மாய் இயல்பாகவே கரையில் தண்ணீரைத் திறந்துவிடுகிற மடைப் பக்கம் ஆழமாகவும், கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேர்கிற உள்வாய்ப் பக்கம் போகப் போக மேடாகவும் இருக்கும். புள்ளிமூக்கு வாத்தும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற நீலச்சிறகியும் முக்குளித்து இரை தேடுகிறவை இல்லை, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக்கொண்டு கழுத்து எட்டுகிற தூரத்தில் இருக்கும் விதையையும் புழுவையும்தான் தின்னும், அதனால் அவற்றுக்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம், இன்னும் கொஞ்சம் எட்டும், அவ்வளவுதான். உள்வாயையும் சேர்த்துக் கிண்ணம் மாதிரி வெட்டிவிட்டால் கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்கும், வாத்து இருக்காது. கரம்பை (கண்மாயில் படிந்த வண்டல் மண்) எடுக்க வேண்டுமா, அனுமதி வாங்கி மடைப் பக்கம் எடுங்கள்.

எடுத்த மண்ணை நடுவில் மேடாகக் கொட்டினால் பறவைகளுக்கு நல்லதுதான், ஆனால் அதைக் கரையோடு சேர்த்துவிடக் கூடாது. நாயும் கீரியும் நடந்தே போய் முட்டையைத் தின்றுவிடும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போதும் மூழ்காத உயரம் வேண்டும்.

அடுத்தது 'சுத்தம்'. கோரை, சம்பு, அல்லி எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் பளிச்சென்று நிற்கிற தண்ணீரைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். புள்ளிமூக்கு வாத்து நீரோரப் புல்லுக்குள் தரையில்தான் கூடு வைக்கும், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி போன்ற நீர்ப்பறவைகளும் அந்தச் செடிகளை நம்பித்தான் இருக்கின்றன. பாதி திறந்த தண்ணீர், பாதி செடி, அதுவும் திட்டுத் திட்டாக இருந்தால் போதும். ஆகாயத்தாமரை மட்டும் வேறு கதை, அது இருக்கவே கூடாது. ஆனால் சாக்கடை வந்து விழுகிற வாயை அடைக்காமல் ஆகாயத்தாமரையை அள்ளுவது வீண் செலவு, சாக்கடைச் சத்தில் அது திரும்பவும் மூடிவிடும். சீமைக்கருவேலத்தை எடுக்கும்போது நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடாதீர்கள், கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற மரம் அது.

வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றால்தான் பறவை வரும் என்பதும் தவறு. கோடையில் உள்வாய் காய வேண்டும். காய்ந்த மண்ணில் புல்லும் கோரையும் முளைத்து விதை விடும், ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறும்போது அந்த விதையும், மட்கிய செடியில் பெருகுகிற பூச்சியும்தான் வாத்துக்குச் சாப்பாடு. குஞ்சுகளுக்குப் பூச்சி ரொம்ப முக்கியம். தூர்வாருவது, மரம் வெட்டுவது எல்லாவற்றையும் சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள். மழைக்குப் பிறகு மெஷின் இறக்கினால் கூடு கட்டுகிற நேரத்தில் விரட்டிவிட்டதாகிவிடும்.

அப்புறம் தீனி. கோயில் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்ட பழக்கத்தில் இங்கேயும் பொரி, பிரெட் வீச வேண்டாம், அதில் சத்தும் இல்லை, மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வெடியும் வேண்டாம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை, அங்கே முடிகிறது என்றால் நமக்கும் முடியும்.

கடைசியாக நடைபாதை. கண்மாயைச் சுற்றி முழு வட்டமாகப் பாதையும் விளக்கும் போடத் திட்டம் வந்தால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். கரை மேல் ஒரு பக்கம் நடக்கட்டும், உட்காரட்டும். உள்வாய்ப் பக்கம் பாதையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.